மீன்சட்டி பரண் ஏறிய கதை

கி.பி. 439 வாக்கில் கான்ஸ்டான்டினோபிள் நகரத்தில் ஒரு வரலாற்றாசிரியர் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் சாக்ரட்டீஸ். விஷக் கோப்பையை வாங்கிக் குடித்த கிரேக்க ஞானிக்கும் அவருக்கும் எண்ணூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. கிறிஸ்தவத் திருச்சபையின் வரலாற்றை எழுதிக்கொண்டே வந்தவர், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பைப் பற்றிய பகுதியில் வந்து நின்றுவிட்டார். காரணம், ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சிலர் உயிருள்ள எதையும் தொடவில்லை. சிலர் மீனை மட்டும் சாப்பிட்டார்கள். சிலர் மீனோடு பறவைகளையும் சேர்த்துக்கொண்டு, படைப்பின்போது பறவைகளும் தண்ணீரிலிருந்துதான் தோன்றின என்று மோசேயின் நூலைக் காட்டி வாதாடினார்கள். இன்னும் சிலருக்குக் காய்ந்த ரொட்டி மட்டுமே உணவு. இது பற்றி எழுத்தில் கட்டளை எதுவும் இல்லாததால், அப்போஸ்தலர்கள் இதை அவரவர் மனத்துக்கே விட்டுவிட்டார்கள் என்று சாக்ரட்டீஸ் எழுதிவைத்தார். அந்தச் சுதந்திரத்துக்கு ஆயுள் அதிகம் இல்லை.

புதன், வெள்ளி இரண்டு நாளும் நோன்பிருக்கச் சொல்லும் திதாக்கே என்ற ஆதித் திருச்சபையின் சிற்றேடு அதற்கு முன்பே இருந்தது. வெள்ளி, இயேசு சிலுவையில் மாண்ட நாள். 325-ல் கூடிய நிசேயா சங்கத்தின் விதிகளில் ஈஸ்டருக்கு முந்தைய ‘நாற்பது நாள்’ பற்றிய பேச்சு வந்துவிட்டது. அடுத்த சில நூற்றாண்டுகளில் மேற்கத்தியத் திருச்சபை இறைச்சியை மட்டுமல்ல, பால், பாலாடைக்கட்டி, முட்டை எல்லாவற்றையும் தவக்காலம் எனப்பட்ட அந்த நாற்பது நாளுக்கு விலக்கியது. 780-களில் சார்லமேன் பேரரசர் சாக்சனியரை வென்று அடக்கியபோது கொண்டுவந்த சட்டத்தில், கிறிஸ்தவத்தை இகழ்ந்து தவக்காலத்தில் இறைச்சி உண்பவனுக்கு மரண தண்டனை என்று எழுதப்பட்டது. மனத்துக்கு விட்டிருந்த விஷயம் கழுத்துக்குக் கத்தியாக வந்து நின்றது.

ஆனால் எவ்வளவு கடுமையிலும் மீன் தப்பித்துக்கொண்டது. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் அதற்குக் காரணமும் சொன்னார். நிலத்தில் வாழ்ந்து காற்றைச் சுவாசிக்கும் பிராணிகளின் இறைச்சி உடலுக்கு அதிக இன்பமும் ஊட்டமும் தருகிறது. ஆசையைத் தூண்டுவதும் அதுதான். ஆகவே நோன்பு அதைத்தான் விலக்க வேண்டும் என்பது அவர் வாதம். மீன் சாப்பிடலாம் என்றதும் வடகடலில் உப்பிட்ட மீன் பெரும் வணிகமானது. வெண்ணெய்க்கு விதிவிலக்கு வேண்டுமென்றால் பணம் கட்டலாம் என்ற ஏற்பாடும் வந்தது. பிரான்சில் ரூவான் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கு ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பணக்காரன் விலக்கு வாங்கினான், ஏழை கூழ் குடித்தான். இந்தக் கசப்பு எங்காவது ஒரு நாள் வெடித்தே தீர வேண்டியிருந்தது.

அது ஒரு அச்சகத்தில் வெடித்தது. 1522 மார்ச் மாதம், தவக்காலத்தின் முதல் ஞாயிறு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷாவர் என்பவரின் அச்சகத்தில் ஆட்கள் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குள் புனித பவுலின் திருமுகங்களை அச்சடித்து முடித்தாக வேண்டும். அன்று மாலை புகையில் உலர்த்திய இரண்டு பன்றித் தொத்திறைச்சிகள் வெட்டப்பட்டுச் சிறு சிறு துண்டுகளாகப் பரிமாறப்பட்டன. அந்த அறையில் ஒரு குருவும் இருந்தார். உல்ரிக் சுவிங்லி. அவர் தொடவில்லை. மற்றவர்கள் தின்றார்கள். ஃப்ரோஷாவர் விசாரணைக்கு இழுக்கப்பட்டார். வெறும் கூழைக் குடித்துவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது, எந்நேரமும் மீன் வாங்க எனக்குக் கட்டாது என்பது அவர் பதில். சில நாள் கழித்து சுவிங்லி மேடையேறி, உணவு விஷயத்தில் கிறிஸ்தவனுக்குச் சுதந்திரம் உண்டு என்று பிரசங்கம் செய்தார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்த இயக்கம் அந்தத் துண்டுகளிலிருந்துதான் கிளம்பியது. வெறும் சாப்பாடு ஒரு திருச்சபையையே பிளந்தது!

இங்கிலாந்தில் இன்னொரு விசித்திரம் நடந்தது. ரோமோடு உறவை முறித்துக்கொண்ட நாடு அது. ஆனாலும் 1563-ல் எலிசபெத் அரசியின் அமைச்சர் வில்லியம் செசில் புதன்கிழமையையும் மீன் நாளாக அறிவிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். இது ஆன்ம இரட்சணியத்துக்கு அல்ல, மீனவர் தொழிலும் கப்பற்படைக்கு ஆளும் பெருக வேண்டும் என்பதற்காக என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இப்படி ஐரோப்பா முழுவதும் நோன்பும் மீனும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், அந்த நோன்பு கப்பலேறி நம் கரைக்கும் வந்து சேர்ந்தது.

வந்து இறங்கிய இடமும் பொருத்தமானதுதான். 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடம் வந்தார். கடலே வயல், மீனே விளைச்சல் என்று வாழ்ந்த மக்கள். இறைச்சி கூடாது, மீன் ஆகும் என்ற ரோமின் விதி அவர்களுக்கு எந்தச் சிரமமும் தரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள் கீழைத் திருச்சபை வழக்கப்படி மீனும் முட்டையும் பாலும் விலக்கிக் கடுமையான நோன்பு காத்துவந்தார்கள். போர்த்துக்கீசியர் அதை வியப்போடு பார்த்தார்கள். ஆனால் அது மலை தாண்டித் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. கதை இங்கேயே நின்றிருந்தால் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்கால வெள்ளி, மீன்குழம்பு வெள்ளியாகவே இருந்திருக்கும். நிற்கவிடாமல் செய்தவர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு 29 வயது இளைஞர்.

ராபர்ட் தெ நோபிலி 1606 நவம்பரில் மதுரைக்குள் நுழைந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முதிய இயேசு சபைக் குரு பதினொரு ஆண்டுகளாக இருந்தார். பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளுக்கு உதவினார். உள்ளூர்க்காரர் ஒருவர்கூட மதம் மாறவில்லை. ஏன் என்று நோபிலி விசாரித்தபோது கிடைத்த விடை பைபிளில் இல்லை, சாப்பாட்டில் இருந்தது. வெள்ளைக்காரன் என்றால் பறங்கி. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், தோல் செருப்போடு நடமாடுபவன். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வேதம் வந்தால் யார் காதுகொடுப்பார்?

நோபிலி ஒரு முடிவுக்கு வந்தார். கருப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார். தோல் செருப்பு போய்ப் பாதக்குறடு வந்தது. பெர்னாண்டஸின் வீட்டிலிருந்து பிரிந்து தனிக்குடிசையில் தங்கினார். இறைச்சி, மீன், முட்டை, மது அனைத்தையும் ஒரேயடியாக நிறுத்தினார். நாளுக்கு ஒருவேளை சோறு, காய்கறி, பால். நாற்பது நாளுக்கு அல்ல, ஆயுளுக்கும். தத்துவ போதகர் என்று அவரைத் தேடி மதுரையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதே வேகத்தில் புகாரும் கிளம்பியது.

புகார் கொடுத்தவர் பெர்னாண்டஸ். கிறிஸ்தவக் குரு இந்துத் துறவியைப்போல வேடம் கட்டுகிறார் என்ற குற்றச்சாட்டு கொச்சி, கோவா என்று ஏறி ரோம் வரை போனது. நோபிலிக்கு உறவினரான கர்தினால் பெல்லார்மினே செய்தி கேட்டு மனம் நொந்து கடிதம் எழுதினார். 1619-ல் கோவாவில் கூடிய விசாரணையில் நோபிலியே நேரில் நின்று வாதாடினார். பிறகு நான்கு ஆண்டு மௌனம். 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் தீர்ப்பு வந்தது. பூணூல், குடுமி, சந்தனம், குளியல் ஆகியவற்றைச் சில நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம். மரக்கறிச் சாப்பாட்டுக்குத் தடை எதுவும் வரவில்லை. நோபிலி 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார்.

இந்தச் சைவச் சாப்பாட்டுக்குள் ஒரு கசப்பும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. நோபிலி சைவம் ஆனது பிராமணர்களும் உயர்த்தப்பட்ட சாதியினரும் தம்மை ஏற்க வேண்டும் என்பதற்காக. சோறும் குழம்பும் மாறியபோது தீண்டாமையும் கூடவே உள்ளே வந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் அந்தக் குருக்களின் வாசலுக்கு வர முடியாமல் போயிற்று. 1640 முதல் இயேசு சபை இன்னொரு வகைத் துறவிகளை ஏற்படுத்தியது. எல்லாச் சாதியாரோடும் பழகக்கூடிய பண்டாரசாமிகள். அவர்களும் புலால் தொடாதவர்கள். கிராமம் கிராமமாக நடந்தார்கள். அவர்களில் ஒருவரின் முடிவு, தவக்காலத்தின் வாசற்படியிலேயே நிகழ்ந்தது.

அவர் அருளானந்தர், போர்த்துக்கீசியப் பெயரில் ஜான் தெ பிரிட்டோ. லிஸ்பனில் பிரபு குடும்பத்துப் பிள்ளை. காவியும் ஒருவேளைச் சோறுமாக மறவ நாட்டில் அலைந்தார். தடியத்தேவர் என்ற இளவரசர் ஞானஸ்நானம் பெற்று, ஒரே மனைவியோடு வாழ்வதென்று மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவ நாட்டை ஆண்ட சேதுபதியின் உறவினர். ரகுநாத கிழவன் சேதுபதியின் கோபம் குருவின் மேல் திரும்பியது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் ஆற்றங்கரை மணலில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 22. ஈஸ்டர் அதைவிட முன்னதாக வரவே முடியாது. அதனால் நாற்பது நாள் நோன்பும் இருக்கக்கூடியதிலேயே முந்திய நாளில் தொடங்கியது. அந்த நாள் பிப்ரவரி 4. அருளானந்தர் இறந்தது சாம்பல் புதனன்று.

அடுத்த தலைமுறையில் கதை நம் கடலூர்ப் பக்கத்துக்கே வந்துவிட்டது. இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி, தமிழ் படித்து வீரமாமுனிவர் ஆனார். விருத்தாசலம் பக்கம், முகாசாப்பரூர் கச்சிராயரின் ஆதரவோடு கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். இன்றைய கடலூர் மாவட்டத்துக்குள்தான் அந்த ஊர். காவி, ஒருவேளை மரக்கறிச் சாப்பாடு என்று அவரும் அதே வழியில் நின்றார். ஊர் ஊராக வந்த சாமியார்கள் எவரும் கறியோ மீனோ தொட்டதில்லை. உபதேசியார் வீட்டிலிருந்து ஓலைக் கோயில் வரை எல்லோரும் கண்டது இதைத்தான். விசுவாசிகளை நிரந்தரமாகச் சைவ உணவுக்கு மாறச் சொல்லி எந்தச் சாமியாரும் கட்டளையிடவில்லை. ஆனால் தவம் என்றால் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாலேயே கற்றுக்கொண்ட மக்கள், தவக்காலம் வந்தபோது எதைச் செய்திருப்பார்கள்?

அதற்குள் புதுச்சேரியில் ஒரு புயல் அடித்தது. 1703-ல் திருத்தந்தையின் தூதராக மயார் தெ தூர்னோன் வந்து இறங்கினார். இயேசு சபையார் அனுமதித்திருந்த ‘மலபார் சடங்குகள்’ மேல் 1704-ல் தடை போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம், நெற்றியில் சாணச் சாம்பல், ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குப் போய் நோயாளிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்க மறுப்பது, எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. கடைசி விஷயத்தில் தூர்னோனின் கண்டனம் முற்றிலும் நியாயமானது. நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744-ல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்பை முத்திரையிட்டு முடித்தார். 1773-ல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. பிரெஞ்சுக் குருக்கள் புதுச்சேரிப் பகுதியைக் கையில் எடுத்தார்கள். காவி போனது, பாதக்குறடு போனது. துறவி வேடம் முழுவதும் மறைந்தது. சாப்பாட்டின் மேல் மட்டும் எவரும் தடை எழுதவில்லை. அது சாமியார்களின் மடத்திலிருந்து வீட்டு அடுப்படிக்கு எப்போதோ நகர்ந்திருந்தது.

அடுப்படியில் அதற்குத் துணை இருந்தது. அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று அக்கம்பக்கத்து இந்து வீடுகளில் விரதம் வந்தால் கவுச்சி அறவே கிடையாது. கறி வேறு, மீன் வேறு என்று பிரிப்பதெல்லாம் அங்கே செல்லாது. மீன் சாப்பிட்டுவிட்டு விரதம் என்று சொன்னால் தெருவே சிரிக்கும். வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமசாலையைத் திறந்து வைத்தார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்படுகிறது. கொல்லாமையும் புலால் மறுத்தலும் ஜீவகாருண்யத்தின் அடிப்படை என்று அவர் போதித்த மண் குறிஞ்சிப்பாடி வட்டாரம். கத்தோலிக்கர் வள்ளலாரைப் பார்த்து நோன்பை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. நோன்பு என்றால் மீனும் சேர்த்து விலக்குவதுதான் என்று ஊரே கருதிய இடத்தில், ரோம் தந்த மீன் சலுகையைப் பயன்படுத்த ஆள் இல்லாமல் போயிற்று என்பது என் கணிப்பு.

நிலத்தடியிலிருந்தும் ஒரு திருப்பம் வந்தது. 1930-களில் பக்கத்து நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளைபோட்டபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வெளிவந்தது. பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. சுரங்கத்துக்கும் அனல் மின்நிலையத்துக்கும் தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கடற்கரைக் கத்தோலிக்கர், உள்நாட்டுக் கத்தோலிக்கர், ஐம்பது நாள் நோன்பு காக்கும் தோமையார் கிறிஸ்தவர் எல்லோருக்கும் ஒரே நகரியத்தில் வீடு. மலை தாண்டாமல் நின்றிருந்த அந்தப் பழைய நோன்பும் நானூறு ஆண்டு கழித்து ரயிலேறி வந்து சேர்ந்தது. இந்த நோன்பெல்லாம் ஒரே தெருவில் சமைக்கத் தொடங்கிய நேரத்தில், உலகின் மறுகோடியில் அதே விதி வேறொரு பண்டத்தைப் பெற்றெடுத்துக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தின் கத்தோலிக்கப் பகுதியில் லூ குரோன் என்பவர் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்தினார். வெள்ளிக்கிழமை வந்தால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பொரித்த மீனை ரொட்டிக்குள் வைத்து விற்கலாம் என்று கேட்டார். தலைவர் ரே கிராக்குக்கு மீன் வாடையே ஆகாது. அன்னாசித் துண்டை வைத்து விற்போம் என்றார். 1962 பெரிய வெள்ளியன்று பந்தயம் நடந்தது. மீன் ரொட்டி 350 விற்றது. அன்னாசி ரொட்டி வாங்கியவர் 6 பேர். ஃபிலே-ஓ-ஃபிஷ் உலகத்துக்கு வந்த கதை அதுதான். ஒரே திருச்சபை, ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே விதி. அங்கே மீன் ஜெயித்தது.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. 1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் விதியைத் தளர்த்தினார். அந்தந்த நாட்டு ஆயர்களே புலால் மறுப்பை வேறு தவமுயற்சியாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். பல நாடுகளில் சுத்தபோசனம் எனப்படும் வெள்ளிக்கிழமைப் புலால் மறுப்பு மெல்லக் கரைந்தது. சட்டம் விட்டுவிட்டால் பழக்கமும் விட்டுவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நம் ஊரில் நடந்தது அதுவல்ல.

குறிஞ்சிப்பாடியில் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய் இரவு, கத்தோலிக்க வீடுகளில் கடைசிக் கறிக்குழம்பு முடிகிறது. அப்புறம் பாத்திரம் துலக்கும் வேலை. மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியை, புளியும் சாம்பலும் போட்டு வாடை போகத் தேய்க்கிறார்கள். வெயிலில் காயவைத்துக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கடலூர் முதுநகரிலிருந்து மீன் வழக்கம்போல வருகிறது. இந்த வீடுகளின் வாசலில் கூடை இறங்குவதில்லை. வெள்ளிக்கிழமை சாம்பார், ரசம், கத்திரிக்காய்ப் பொரியல், அப்பளம். பெரியவர்கள் ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாடு. சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. பெரிய வெள்ளியன்று கஞ்சியும் துவையலும். பல வீடுகளில் வெள்ளி மட்டுமல்ல, நாற்பது நாளுமே இப்படித்தான். ஈஸ்டர் விடியற்காலையில் கறிக்கடை வாசலில் வரிசை நிற்கும்போதுதான் சட்டி பரணைவிட்டு இறங்குகிறது.

1983-ல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, தவக்காலத்தில் சாம்பல் புதனும் வெள்ளிகளும் மட்டுமே சுத்தபோசன நாட்கள். 14 வயது நிறைந்தவர்களுக்கே அது கடமை. விலக்கப்படுவது இறைச்சி மட்டும். மீனுக்கும் முட்டைக்கும் தடை இல்லை. நாற்பது நாள் சைவத்தை ரோமோ கோவாவோ புதுச்சேரியோ தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் கட்டளையாக எழுதித் தந்ததில்லை. இது வீட்டுப் பெண்கள் தங்கள் அடுப்படியில் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட சட்டம்.